தோம் யாமில் ஓர் எழுத்தைக் காணோம்: கொரிய எழுத்துகள் கணினிக்குள் வந்த கதை

உணவங்காடி நிலையத்தில் தோம் யாம் சூப் சாப்பிட்டிருப்பீர்கள். கொரிய மொழியில் அந்தப் பெயரை எழுத முதலில் 'த்தொம்' என்ற எழுத்து வேண்டும். ஒரே ஓர் எழுத்துதான். இன்று உங்கள் கைத்தொலைபேசியில் கொரிய விசைப்பலகையைத் திறந்தால் மூன்று நான்கு தட்டலில் அது வந்துவிடும்.

1990இல் கொரியாவின் அதிகாரபூர்வக் குறியீட்டைப் பின்பற்றிய கணினியில் எத்தனை முறை தட்டினாலும் அது வராது. எழுத்துருவில் கோளாறு இல்லை. விசைப்பலகையிலும் கோளாறு இல்லை. அந்த எழுத்து பட்டியலிலேயே இல்லை, அவ்வளவுதான்.

வாயால் எளிதாகச் சொல்ல முடிகிற, கையால் எளிதாக எழுத முடிகிற ஓர் எழுத்து கணினியில் மட்டும் எப்படி இல்லாமல் போனது? பிறகு எப்படி வந்தது? தமிழில் தட்டச்சு செய்யும் நமக்கும் அந்தக் கதையில் கொஞ்சம் பங்கு உண்டு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஹங்குல் எப்படி வேலை செய்கிறது?

கொரிய எழுத்துமுறையின் பெயர் ஹங்குல். மன்னர் செஜோங் 1443இல் அதை உருவாக்கினார். 1446இல் அது மக்களுக்கு அறிவிக்கப்பட்டது. இன்று அதன் அடிப்படை எழுத்துகள் 24. மெய் 14, உயிர் 10.

"24தானா? கொரிய நாடகத் தலைப்பைப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் இருக்கிற மாதிரி தெரியுதே?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இதுதான். கொரிய எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் வைப்பதில்லை. ஓர் அசைக்குரிய எழுத்துகளை ஒரே சதுரக் கட்டத்துக்குள் அடுக்குகிறார்கள்.

'ஹன்' என்ற அசையை எடுத்துக்கொள்வோம். கட்டத்தின் இடது மேல் மூலையில் 'ஹ்'. அதன் வலப்பக்கம் 'அ'. இரண்டுக்கும் கீழே 'ன்'. மூன்று எழுத்தும் சேர்ந்து ஒரு கட்டம். படிப்பவர் கண்ணுக்கு அது ஓர் எழுத்து.

நமக்கு இது புதிதில்லை. 'க்' என்ற மெய்யும் 'ஒ' என்ற உயிரும் சேர்ந்தால் 'கொ' என்ற உயிர்மெய் வருகிறது அல்லவா? அதே சிந்தனைதான். கொரிய மொழி இன்னும் ஒரு படி மேலே போகிறது. நாம் தனியாக எழுதும் கடைசி மெய்யையும் அது அதே கட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறது.

இப்போது ஒரு கணக்கு. இரட்டை எழுத்துகளையும் கூட்டு எழுத்துகளையும் சேர்த்தால், அசையின் தொடக்கத்தில் 19 மெய்கள் வரலாம். நடுவில் 21 உயிர்கள். இறுதியில் 27 வகை மெய்கள், அல்லது எதுவுமே இல்லாமலும் இருக்கலாம். ஆக இறுதிக்கு 28 வாய்ப்புகள்.

19 × 21 × 28 = 11,172.

இக்காலக் கொரிய எழுத்துகளால் உருவாகக்கூடிய கட்டங்களின் முழு எண்ணிக்கை இது. எல்லாமே பேச்சில் வருவதில்லை. ஆனால் விதிப்படி எல்லாமே சரியான எழுத்துகள்.

கணினிக்கு அது ஓர் எழுத்தா, மூன்று எழுத்தா?

கணினி எழுத்தை எழுத்தாகச் சேமிப்பதில்லை, எண்ணாகச் சேமிக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குறியீட்டு எண் வேண்டும். அப்படியென்றால் 'ஹன்' என்பதற்கு ஓர் எண்ணா, மூன்று எண்களா?

1980களில் கொரியாவில் இரண்டு வழிகளும் இருந்தன. நாசி சம்பூர் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் வழியில் கட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே சமைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதைக் காட்டி எடுத்துக்கொள்ளலாம். அங்கே இல்லாததைக் கேட்க முடியாது. கொரிய மொழியில் இதற்கு 'வான்சொங்' என்று பெயர். முடிக்கப்பட்ட வடிவம் என்று பொருள்.

இரண்டாவது வழியில் பொருள்களை வைத்துக்கொண்டு கேட்டவுடன் சமைத்துத் தருவார்கள். இதன் பெயர் 'ஜோஹாப்', சேர்த்து அமைப்பது. ஓர் அசைக்கு 16 பிட் இடம். முதல் பிட் "இது கொரிய எழுத்து" என்று அடையாளம் சொல்லும். மீதியில் தொடக்கத்துக்கு 5, நடுவுக்கு 5, இறுதிக்கு 5. அந்த இடத்துக்குள் 11,172 கட்டங்களும் அடங்கிவிடும்.

இரண்டாவதுதானே சிறந்தது? எழுதுபவருக்கு ஆமாம். ஆனால் அரசாங்கத் தரநிலைக்கு வேறு கவலை இருந்தது.

1987: 2,350 மட்டும்

அந்தக் காலத்தில் ஆசிய மொழிகளுக்கான குறியீடுகள் ஓர் அனைத்துலக விதிக்கு உட்பட்டு உருவாக்கப்பட்டன. 94 வரிசை, வரிசைக்கு 94 இடம். மொத்தம் 8,836 இடங்கள். அதற்குள் கொரியர்கள் பயன்படுத்தும் சீன எழுத்துகளும் வேண்டும், நிறுத்தற்குறிகளும் வேண்டும், மற்ற மொழிகளின் எழுத்துகளும் வேண்டும்.

1987இல் வந்த தென்கொரியத் தரநிலை முதல் வழியைத் தேர்ந்தெடுத்தது. சீன எழுத்துகளுக்கு 4,888 இடம் போனது. ஹங்குல் கட்டங்களுக்கு 25 வரிசைகள் கிடைத்தன. 25 × 94 = 2,350. அதிகம் பயன்படும் கட்டங்களைப் பொறுக்கி அந்த 2,350 இடங்களை நிரப்பினார்கள்.

மீதி 8,822 கட்டங்கள் வெளியே நின்றன. 'த்தொம்' அவற்றில் ஒன்று.

பின்வாசல் ஒன்று இருந்தது. விடுபட்ட கட்டத்தை அதன் தனி எழுத்துகளாக உடைத்து, முன்னால் ஓர் அடையாளக் குறியும் வைத்து எழுதலாம் என்று தரநிலை சொன்னது. ஆனால் ஒரு கட்டத்துக்கு 8 பைட் இடம் தேவைப்பட்டது. பெரும்பாலான மென்பொருள்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை.

'இதுல என்ன பெரிய விஷயம்?'

அரிதான எழுத்துதானே, விட்டால் என்ன என்று தோன்றலாம். 1990இல் தென்கொரியாவின் எம்பிசி ஒளிவழியில் ஒரு நாடகம் வந்தது. அதன் பெயர் 'த்தொம்பாங் காக்ஹா'. நாடெங்கும் ஒளிபரப்பாகும் நாடகத்தின் தலைப்பில் முதல் எழுத்தையே தரநிலைக் கணினியால் எழுத முடியவில்லை. இன்றுவரை கொரியக் குறியீட்டின் குறையைப் பற்றிப் பேசுபவர்கள் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டு இதுதான்.

நாடகத் தலைப்பையாவது கையால் வரைந்துவிடலாம். ஆள் பெயரை? ஒருவர் பெயரில் பட்டியலில் இல்லாத கட்டம் இருந்தால், 2,350 எழுத்து மட்டுமே தெரிந்த கணினியில் அவர் பெயரைப் பதிய வழியில்லை. ஒலியில் நெருங்கிய வேறோர் எழுத்தைப் போட்டு ஒப்பேற்ற வேண்டும். படிவத்தில் உங்கள் பெயரிலுள்ள 'ழ' இல்லை, 'ல' போட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

வட்டாரப் பேச்சை அப்படியே எழுத நினைத்த எழுத்தாளர்களுக்கும், வெளிநாட்டுச் சொற்களை எழுதியவர்களுக்கும் இதே தொல்லை. மொழி வளரும் இடங்களில்தான் புதிய கட்டங்கள் தேவைப்படுகின்றன. ஆனால் பட்டியலோ ஏற்கெனவே அதிகம் எழுதப்பட்டவற்றுக்கு மட்டும் இடம் கொடுத்திருந்தது. எழுத வழியில்லாத எழுத்து எப்படி அதிகம் எழுதப்படும்?

எல்லாரும் அடங்கிப் போகவில்லை. 1989இல் வெளிவந்த 'அரே-ஆ ஹங்குல்' என்ற உள்நாட்டுச் சொற்செயலி சேர்த்து அமைக்கும் வழியைப் பயன்படுத்தியது. அதில் எல்லாக் கட்டங்களையும் எழுத முடிந்தது. 1992இல் அரசாங்கத் தரநிலையும் ஜோஹாப் முறையைப் பிற்சேர்க்கையாக ஏற்றுக்கொண்டது.

பிறகு மைக்ரோசாஃப்ட் வேறொரு வழியில் வந்தது. விண்டோஸ் 95இன் கொரியப் பதிப்பில் பழைய 2,350ஐ அப்படியே விட்டுவிட்டு, விடுபட்ட 8,822 கட்டங்களைச் சுற்றியிருந்த வெற்றிடங்களில் செருகியது. எழுத்துகள் கிடைத்தன, அகரவரிசை கெட்டது. எண் வரிசைப்படி அடுக்கினால் அகராதி வரிசை வராது. கொரியாவில் அதற்கும் எதிர்ப்பு எழுந்தது.

1996: வீடு மாறிய எழுத்துகள்

இதே காலத்தில் உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே குறியீடு என்ற நோக்கத்தோடு யூனிகோட் வளர்ந்துகொண்டிருந்தது. 1991இல் வந்த அதன் முதல் பதிப்பில் கொரிய மொழிக்குக் கிடைத்தவை அதே 2,350 கட்டங்கள். 1993இல் மேலும் சில ஆயிரம் சேர்ந்து 6,656 ஆனது. இன்னும் முழுமை இல்லை, வரிசையும் இல்லை.

1996இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது ஒரு துணிச்சலான முடிவு எடுக்கப்பட்டது. அந்த 6,656 கட்டங்களையும் இருந்த இடத்திலிருந்து அழித்துவிட்டார்கள். புதிய இடத்தில் 11,172 கட்டங்களையும் அகராதி வரிசையில் வைத்தார்கள்.

விளைவு? பழைய எண்களில் சேமித்த கோப்புகளுக்கு அர்த்தம் போய்விட்டது. காலியான இடம் பின்னர் சீன எழுத்துகளுக்குக் கொடுக்கப்பட்டது. ஆக 1993 முறையில் எழுதிய கொரியக் கோப்பை இன்றைய கணினி அப்படியே திறந்தால், தொடர்பே இல்லாத சீன எழுத்துகள் தெரியும். அப்போது யூனிகோடில் சேமித்த கொரியக் கோப்புகள் குறைவு என்பதால்தான் சமாளிக்க முடிந்தது.

இந்தக் குழப்பத்திலிருந்து ஒரு கண்டிப்பான விதி பிறந்தது. யூனிகோடில் இடம் கொடுக்கப்பட்ட எழுத்தை இனி ஒருபோதும் நகர்த்தவும் கூடாது, நீக்கவும் கூடாது. உலகின் எல்லா மொழிகளுக்கும் அந்த விதி இன்றும் பொருந்தும். நமக்கும்தான்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்

புதிய வரிசையின் அழகு என்னவென்றால், எந்தக் கட்டத்தின் எண்ணையும் பட்டியலைப் பார்க்காமலேயே கண்டுபிடிக்கலாம். முதல் கட்டம் 'க'. அதன் எண் 44,032. கடைசிக் கட்டம் 'ஹிஹ்'. எண் 55,203.

சூத்திரம் இதோ:

44,032 + (தொடக்க எழுத்தின் வரிசை எண் × 588) + (உயிரின் வரிசை எண் × 28) + இறுதி எழுத்தின் வரிசை எண்

588 எங்கிருந்து வந்தது? ஒரு தொடக்க எழுத்தோடு 21 உயிரும் 28 இறுதியும் சேரும் வாய்ப்பு: 21 × 28 = 588. வரிசையைச் சுழியத்திலிருந்து எண்ண வேண்டும், அதை மட்டும் மறக்காதீங்க.

நம் 'த்தொம்' எழுத்தைப் போட்டுப் பார்ப்போம். தொடக்கத்தில் வரும் அழுத்தமான 'த்த்', கிட்டத்தட்ட நம் 'பத்து' என்ற சொல்லில் வருவது போன்றது, வரிசையில் 4. 'ஒ' என்ற உயிர் 8. இறுதியில் 'ம்' 16.

4 × 588 = 2,352
8 × 28 = 224
44,032 + 2,352 + 224 + 16 = 46,624

1990இல் இடமே இல்லாத எழுத்துக்கு இன்று உலகக் கணினிகள் அனைத்திலும் 46,624 என்ற நிரந்தர முகவரி இருக்கிறது. கணக்கைத் திருப்பிப் போட்டால் 46,624 என்ற எண்ணிலிருந்து மூன்று எழுத்துகளையும் பிரித்தெடுக்கலாம். முடிக்கப்பட்ட கட்டமும் தனி எழுத்துகளும் ஒரே கணக்குக்குள் வந்துவிட்டன.

பிரச்சினை முடிந்ததா? இல்லை!

யூனிகோடில் முழுக் கட்டங்கள் மட்டுமல்ல, கட்டத்துக்குள் சேரக்கூடிய தனி எழுத்துகளும் இருக்கின்றன. ஆக 'ஹன்' என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஒரே எண்ணாக, அதாவது 54,620 என்று. அல்லது ஹ், அ, ன் என்று மூன்று எண்களாக. திரையில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். உள்ளே வேறு வேறு.

கொரிய நண்பர் மேக் கணினியிலிருந்து கோப்பு அனுப்பி, அதை விண்டோஸில் திறந்திருக்கிறீர்களா? கோப்பின் பெயர் கட்டம் கட்டமாக இல்லாமல், உதிரி எழுத்துகளாகச் சிதறிக் கிடக்கலாம். பல ஆண்டுகளாக மேக் கணினிகள் பயன்படுத்திய கோப்பு முறை, பெயர்களை உடைத்த வடிவத்தில் சேமித்தது. விண்டோஸ் பொதுவாகச் சேர்ந்த வடிவத்தைப் பயன்படுத்துகிறது. கோப்பு கெட்டுப்போகவில்லை. இரு பக்கமும் ஒரே பெயரை வேறு வேறு விதமாக எழுதுகின்றன.

இதற்கு யூனிகோட் வைத்திருக்கும் தீர்வு 'இயல்பாக்கம்'. இரண்டு சொற்களை ஒப்பிடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். மேலே பார்த்த அதே சூத்திரம்தான் அங்கும் வேலை செய்கிறது. ஒரு செயலி இந்தப் படியைத் தவறவிட்டால், கண்ணெதிரே இருக்கும் சொல்லைத் தேடினாலும் "கிடைக்கவில்லை" என்று வரும்.

குட்டிச்சாத்தான் நெருப்பும் 'க்க்க்' சிரிப்பும்

கொரிய விசைப்பலகையில் மெய்கள் இடப்பக்கம், உயிர்கள் வலப்பக்கம். 'ஹனா' என்று தட்டிப் பாருங்கள். ஹ், பிறகு அ. 'ஹ' என்ற கட்டம் வரும். அடுத்து ன் தட்டினால் அது அதே கட்டத்துக்குள் புகுந்து 'ஹன்' ஆகும். இன்னோர் அ தட்டியதும், உள்ளே போன ன் வெளியே குதித்து அடுத்த கட்டத்துக்கு ஓடிவிடும். திரையில் 'ஹ', 'ன' என்று இரண்டு கட்டம்.

இப்படி எழுத்து தோன்றி மறைந்து தாவுவதற்குக் கொரியர்கள் வைத்த பெயர் 'தொக்கேபி நெருப்பு'. தொக்கேபி என்பது நாட்டுப்புறக் கதைகளில் வரும் குட்டிச்சாத்தான். 'கோப்ளின்' நாடகம் பார்த்தவர்களுக்கு அந்தப் பெயர் நன்றாகவே தெரியும்!

சரி, கொரிய நண்பர்கள் சிரிப்பதற்கு 'க்க்க்' என்று வெறும் மெய்யெழுத்தை அனுப்புகிறார்களே, அது ஏன் கட்டமாகச் சேர்வதில்லை? தனித்து நிற்பதற்கென்றே யூனிகோடில் வேறொரு தொகுப்பு இருக்கிறது. அந்த எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டாது. ஆக 'ன்' போன்ற ஒரு மெய்க்கு மூன்று எண்கள்: கட்டத்தின் தொடக்கத்தில் வருவதற்கு ஒன்று, இறுதியில் வருவதற்கு ஒன்று, தனியாக நிற்பதற்கு ஒன்று.

செஜோங் காலத்து எழுத்துகள் எங்கே?

11,172 என்பது இக்கால எழுத்துகளுக்கு மட்டுமே. செஜோங் அறிவித்தபோது அடிப்படை எழுத்துகள் 28. அவற்றில் நான்கு வழக்கொழிந்தன. பழைய நூல்களில் இன்று இல்லாத கூட்டு எழுத்துகளும் உண்டு. 2009இல் வந்த யூனிகோட் 5.2 அவற்றைச் சேர்த்தது. தொடக்கத்துக்கு 125, நடுவுக்கு 95, இறுதி இல்லாததையும் சேர்த்து 138. பெருக்கினால் 1,638,750 கட்டங்கள்.

பதினாறு லட்சம் கட்டங்களைச் சமைத்துக் கண்ணாடிக்குப் பின்னால் வைக்க முடியாது. அதனால் பழைய எழுத்துகளுக்குச் சேர்த்து அமைக்கும் வழி மட்டுமே. 1987இல் ஒதுக்கப்பட்ட வழிதான் இன்று 15ஆம் நூற்றாண்டு நூல்களைக் கணினியில் படிக்க வைக்கிறது.

தமிழுக்கு என்ன தொடர்பு?

யூனிகோடில் தமிழ் வேறு வழியில் போனது. 1988இல் இந்தியா உருவாக்கிய குறியீட்டை அடிப்படையாகக் கொண்டு, உயிரெழுத்து, அகரமேறிய மெய், துணைக்குறிகள், புள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் எண் கொடுக்கப்பட்டது. 'கொ' என்பதற்குத் தனி எண் இல்லை. 'க' ஓர் எண், ஒகரக் குறி ஓர் எண்.

'தமிழ்' என்ற சொல்லில் நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து எண்கள்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. இணையத்தில் பரவலாகப் பயன்படும் யூடிஎஃப்-8 முறையில் எண்ணுக்கு 3 பைட், ஆக 15 பைட். 'ஹங்குல்' என்ற சொல்லைக் கொரிய மொழியில் எழுதினால் இரண்டு கட்டம், இரண்டு எண், 6 பைட். ஒரு குறுஞ்செய்தியில் இத்தகைய எழுத்துகளுக்கு 70 எண்கள்தான் இடம். கொரியருக்கு 70 அசைகள் கிடைக்கும். தமிழில் எழுதினால் எழுத்துகள் அதைவிடக் குறையும்.

"கொரியாவுக்கு 11,172 இடம் கொடுக்கலாம், தமிழின் 247 எழுத்துக்குக் கொடுக்கக் கூடாதா?" என்ற கேள்வி தமிழ்க் கணினி வட்டாரத்தில் நெடுநாள் ஒலித்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் 'டேஸ்-16' என்ற குறியீடும் உருவானது. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றது. ஆனால் யூனிகோடுக்குள் தமிழின் அமைப்பு மாறவில்லை. எதையும் நகர்த்தக் கூடாது என்ற விதியும் அதற்கு ஒரு காரணம். எந்தக் குழப்பத்தில் பிறந்த விதி அது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.

தமிழ் வழிக்கு ஒரு நன்மை உண்டு. பட்டியலில் இல்லை என்று எந்த உயிர்மெய்யையும் ஒதுக்க முடியாது. 'ஙொ' என்பதை யாரும் எழுதாவிட்டாலும், எழுத நினைத்தால் எழுதலாம். கொரியர்கள் 1987 முதல் 1996 வரை போராடிப் பெற்ற உரிமை அது.

கடைசியாக ஒரு சோதனை. கைத்தொலைபேசியில் 'கொ' என்று தட்டிவிட்டு, அழிக்கும் விசையை ஒரே ஒரு முறை அழுத்துங்கள். பெரும்பாலான செயலிகளில் குறி மட்டும் போய் 'க' நிற்கும். அடுத்து, கொரிய விசைப்பலகையில் 'ஹன்' என்று தட்டி, இடைவெளி விட்டு, பின்னோக்கி வந்து அழியுங்கள். முழுக் கட்டமும் ஒரேயடியாகப் போகும். ஒரு மொழியில் எண் இரண்டு, மற்றதில் ஒன்று. உங்கள் விரலுக்கே வித்தியாசம் தெரியும்.